டிஆர்எஸ்-80 மாடல் 100: நினைவகத்தைக் காக்கும் உள் பேட்டரியை மாற்றிய அனுபவம்

1983ஆம் ஆண்டில் ரேடியோ ஷாக் என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் கடைகளில் விற்பனைக்கு வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கையடக்கக் கணினியில் வன்தட்டும் கிடையாது, ஃப்ளாப்பி இயக்கியும் கிடையாது. ஏறத்தாழ ஓர் ஏ4 தாளின் அகல நீளமும் ஐந்து சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட அந்தப் பெட்டியில், எழுதிய கட்டுரை, குறித்துவைத்த முகவரி, பேசிக் (BASIC) என்ற கணினிமொழியில் எழுதிய நிரல் என்று எதுவாக இருந்தாலும் 8 முதல் 32 கிலோபைட் வரையிலான நினைவகத்திலேயே தங்கியிருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் வராத நேரத்திலும் அவை அழியாமல் இருப்பதற்குக் காரணம், உள்ளே போர்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி.

பிற்காலத்துக் கணினிகளிலும் உள் பேட்டரி உண்டு என்றாலும், அவற்றில் அது பெரும்பாலும் கடிகாரத்தையும் சில அமைப்புகளையும் மட்டுமே காக்கும். அது தீர்ந்துபோனால் தேதி தவறும், தொடங்கும்போது ஒரு எச்சரிக்கை வரும். ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது. மாடல் 100-இல் அந்தப் பேட்டரி தீர்ந்தால் ஆவணங்களே போய்விடும். அது கசிந்தால் போர்டும் சேர்ந்து போய்விடும். எனவே இந்தக் கணினியில் உள் பேட்டரியை மாற்றுவதை ஒரு சின்னப் பழுதுவேலையாகக் கருதாமல், முதலில் ஆவணங்களை மீட்பது, பிறகு போர்டைக் காப்பது, அதற்குப் பிறகே புதிய பேட்டரியைப் பொருத்துவது என்ற வரிசையில்தான் அணுக வேண்டும் என்பது என் கருத்து.

நான் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு அருகில் வசிக்கிறேன். ரேடியோ ஷாக் கடைகளை நடத்திய டேண்டி நிறுவனத்தின் தலைமையகம் அந்த நகரத்தில்தான் இருந்தது என்பதால், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இத்தகைய கணினிகள் இன்னும் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற விளையாட்டுச் செய்தியாளர். மைதானத்திலேயே அமர்ந்து செய்தியை எழுதி, கணினிக்குள் இருக்கும் மோடம் வழியாகத் தொலைபேசித் தடத்தில் அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்ததால், எண்பதுகளின் அமெரிக்கச் செய்தியாளர்களிடையே இந்தக் கணினி பெரிதும் விரும்பப்பட்டது. அவரும் அப்படிப் பயன்படுத்தியவர். அண்மைக்காலம் வரை அதில் குறிப்புகள் எழுதிவந்தார். ஏஏ பேட்டரி மாற்றும்போதெல்லாம் எழுதியது அழிந்துவிடும் நிலை வந்த பிறகு, எப்போதும் அடாப்டரில் செருகியே வைத்திருந்திருக்கிறார். அடாப்டரின் ஒயர் நைந்து, தொட்டால் அணைந்துவிடும் நிலைக்கு வந்தபோதுதான் என்னிடம் கொண்டுவந்தார். நான் தொழிலால் அளவீட்டுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். பழைய கணினிகள் மீது எனக்கு ஆர்வம் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நிலையில் இருக்கும் ஒரு கணினியைத் திறப்பது என்றால் அதில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது என்று பொருள். எனவே, முதலில் செய்ய வேண்டியது திருப்புளியைத் தேடுவது அன்று. நம்பகமான மின்சாரத்தைக் கொடுப்பது. உள்ளே நான்கு புதிய ஏஏ பேட்டரிகளைப் போட்டோம். பழைய அடாப்டர் இணைந்திருக்கும்போதே, அது அணையாதபடி மேசையோடு ஒட்டிவைத்துவிட்டுச் செய்தோம். இதற்கு மாற்று அடாப்டர் வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மாடல் 100-க்கு வேண்டியது 6 வோல்ட் நேர்மின்னோட்டம். அதன் செருகியில் நடுமுனை எதிர்முனையாகும். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை நேர்முனையாக இருக்கும். செருகி பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாமல், மல்டிமீட்டரை வைத்து முனைகளைச் சரிபார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

கோப்புகளை வெளியே எடுக்க எளிய வழி, பின்புறமுள்ள 25 முனை ஆர்எஸ்-232 தொடர்வாயில். கணினிக்கும் கணினிக்கும் இடையே பேச வைப்பதால், அனுப்பும் தடமும் பெறும் தடமும் குறுக்காக மாற்றப்பட்ட 'நல் மோடம்' (null modem) கேபிள் தேவை. அதன் மறுமுனையில் யுஎஸ்பி மாற்றி ஒன்றை வைத்து இன்றைய கணினியில் இணைக்கலாம். மாடல் 100-இல் டெல்காம் என்ற நிரலைத் திறந்து, ஸ்டாட் கட்டளைக்கு 88என்1இ என்ற அமைப்பைக் கொடுத்தால் வேகம் நொடிக்கு 9600 பிட் என்றும், எட்டு பிட், சமநிலைச் சோதனை இல்லை, ஒரு நிறுத்த பிட் என்றும் பொருள். கடைசி எழுத்து, மறுமுனை திணறும்போது 'நிறுத்து', 'தொடர்' என்று சைகை காட்டும் முறையை இயக்குகிறது. இன்றைய கணினியில் உள்ள முனைய நிரலிலும் அதே அமைப்பைக் கொடுத்துவிட்டு, இங்கே டெர்ம் பகுதிக்குப் போய், மேலேற்றும் விசையை அழுத்திக் கோப்பின் பெயரைத் தட்டினால் எழுத்துகள் அங்கே ஓடத் தொடங்கும்.

வேகத்தை எண்ணிப் பார்த்தால் ஒரு காலகட்டமே கண்முன் வரும். 32 கிலோபைட் உள்ள கணினியில் பயனருக்குக் கிடைப்பது 29,638 பைட். உள்ளேயுள்ள மோடத்தின் வேகம் நொடிக்கு 300 பிட், அதாவது ஏறத்தாழ 30 எழுத்து. நினைவகம் முழுவதையும் தொலைபேசி வழியே அனுப்பக் கால் மணி நேரத்துக்கும் மேலாகியிருக்கும். தொடர்வாயிலில் 9600 வேகத்தில் அதே வேலை அரை நிமிடம்.

வெறும் எழுத்துக் கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அட்ரஸ் என்ற முகவரி நிரலும் ஷெடூல் என்ற நாட்குறிப்பு நிரலும் தங்கள் தகவலைத் தனித்தனி எழுத்துக் கோப்புகளிலிருந்தே படிக்கின்றன. அவற்றையும் எடுக்க வேண்டும். பேசிக் நிரல்கள் சுருக்க வடிவில் சேமிக்கப்பட்டிருப்பதால், அவற்றை பேசிக்கிலேயே திறந்து, எழுத்து வடிவில் மறுபடி சேமித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் இந்தப் பக்கம் திறந்து, கடைசி வரிவரை வந்திருக்கிறதா என்று அவரையே படித்துப் பார்க்கச் சொன்னேன். பழைய ஆட்ட விவரங்களைப் படிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை; அன்று மாலை முழுவதும் அதிலேயே போனது.

கோப்புகள் பத்திரமான பிறகு, கணினியை அணைத்து, அடாப்டரையும் ஏஏ பேட்டரிகளையும் எடுத்துவிட்டு, அடிப்பகுதியில் உள்ள நினைவக மின்விசையையும் அணைத்தேன். இந்தச் சிறிய நகர்விசைதான் உள் பேட்டரியை நினைவகத்திலிருந்து துண்டிக்கிறது. பழைய மாடல் 100 ஒன்றை வாங்கி, புதிய பேட்டரி போட்டும் அது உயிர்பெறவில்லை என்றால், பழுது என்று முடிவுகட்டுமுன் இந்த விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நீண்ட காலம் பெட்டியில் வைக்கப்பட்ட கணினிகளில் இது அணைந்த நிலையில் இருப்பது வழக்கம்.

அடிப்பகுதியில் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மேல்மூடியும் கீழ்மூடியும் பிரியும். நாற்பது ஆண்டு கடந்த பிளாஸ்டிக் என்பதால் ஓரத்துக் கொக்கிகளை நெம்பும்போது உலோகத் திருப்புளியைப் பயன்படுத்தாமல், கிடார் மீட்டும் தகடு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் மெதுவாக விடுவிப்பதே நல்லது. விசைப்பலகையும் திரையும் மேல்மூடியோடு இருக்கும். முதன்மைப் போர்டு கீழ்மூடியில் இருக்கும். இரண்டையும் கேபிள்கள் இணைக்கின்றன. எனவே மூடி தளர்ந்ததும் சட்டென்று தூக்காமல், புத்தகத்தைத் திறப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்து, கேபிள்களை இணைப்பானின் உடலைப் பிடித்து இழுத்து எடுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது எந்தப் பக்கம் எது என்ற குழப்பம் வராது.

இந்தக் கணினியின் செயலி 80சி85. அதைப் போலவே நினைவகமும் சிமாஸ் (CMOS) எனப்படும் சில்லு வகையே. மிகக் குறைந்த மின்சாரத்தில் தகவலைத் தாங்கி நிற்க அதுதான் உதவுகிறது. ஆனால் அதே வகைச் சில்லுகளுக்கு உடம்பிலிருந்து தாவும் நிலைமின்சாரம் எதிரி. டெக்சாஸின் வறண்ட குளிர்காலத்தில் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீர் என்று அடிக்கும். ஆகவே மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டையை மாட்டிக்கொண்டுதான் போர்டைத் தொட்டேன். சாலிடரிங் அயர்னின் முனையும் தரையிணைப்பு உள்ளதாக இருக்க வேண்டும்.

பேட்டரி இருந்த இடத்தைப் பார்த்தவுடனேயே விஷயம் விளங்கிவிட்டது. சிறு வில்லைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறையிட்ட அந்தப் பேட்டரியின் எதிர்முனைப் பக்கத்தில், வெள்ளையும் நீலப்பச்சையும் கலந்த பொருக்கு படர்ந்திருந்தது. உறையின் விளிம்பு பிளந்திருந்தது. முனைக்கம்பி போர்டுக்குள் இறங்கும் இடத்தில் சாலிடர் தன் பளபளப்பை இழந்து, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகிவிட்டது. அங்கிருந்து கிளம்பும் செம்புத் தடம் ஒன்றின் மேல் பச்சைப் பூச்சு கொப்பளித்து, அதன் அடியில் செம்பு கறுத்திருந்தது. நேர்முனைப் பக்கம் ஏறக்குறைய புதிதுபோல் இருந்தது. காரத்தன்மை கொண்ட பேட்டரிகளில் உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் எதிர்முனை உலோகத்தை ஒட்டியே ஊர்ந்து வெளியேறும் இயல்புடையது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைக் கார்பனேட்டாக உறைகிறது, செம்பைத் தொட்டால் நீலப்பச்சை உப்பாகிறது. எனவே, கசிவைத் தேடும்போது எதிர்முனையிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

மல்டிமீட்டரை வைத்தால் 3.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி ஒரு வோல்ட்டைக்கூடக் காட்டவில்லை. இங்கே ஒரு வேடிக்கையான உண்மை இருக்கிறது. அந்த நண்பர் தம் குறிப்புகளைக் காப்பாற்ற எண்ணித்தான் அடாப்டரை எப்போதும் செருகி வைத்திருந்தார். ஆனால் இந்த வகைப் பேட்டரிக்கு முழுதாக மின்னேறிய பிறகும் சிறு மின்னோட்டம் ஓயாமல் போய்க்கொண்டே இருந்தால், ஏற்றுக்கொள்ள இடமின்றி அது உள்ளே வாயுவாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி நடக்கும்போது அடைப்பு தளர்ந்து கரைசல் வெளியே வருகிறது. குறிப்புகளைக் காத்த அதே பழக்கமே போர்டை அரிக்கவும் உதவியிருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது, அவர் சிரித்தாரே தவிர வருந்தியதாகத் தெரியவில்லை. குறிப்புகள் கைக்கு வந்துவிட்டன அல்லவா.

பேட்டரியை எடுப்பதில் அவசரம் கூடாது. இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் சூடாக்கி முழுப் பேட்டரியையும் பிடுங்க முயன்றால், அரித்துப்போன துளையின் உள்பூச்சு கம்பியோடு சேர்ந்து வந்துவிடும். முனைக்கம்பிகளை மேலே கட்டிங் பிளேயரால் நறுக்கிப் பேட்டரியை முதலில் அப்புறப்படுத்திவிட்டு, துளையில் எஞ்சி நிற்கும் கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பதே பாதுகாப்பான வழி. நறுக்கும்போது பிளேயரின் வாய் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. மின்சாரம் எஞ்சியிருக்கும் பேட்டரியாக இருந்தால் அது குறுக்குச் சுற்றாகிவிடும். அரிக்கப்பட்ட சாலிடர் சூட்டில் உருகாமல் அடம்பிடிக்கும். அதன் மேற்பரப்பை நுனி கூர்மையான கத்தியால் லேசாகச் சுரண்டி, சாலிடர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, புதிய ஈயச் சாலிடரைச் சிறிது சேர்த்துவிட்டால் பழையதும் புதியதும் கலந்து நீர்போல் உருகும். அதன் பிறகு உருகிய சாலிடரை உறிஞ்சும் செம்புப் பின்னலால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அயர்னை நீண்ட நேரம் அழுத்திக்கொண்டிருப்பதைவிட இந்தக் கலப்புமுறை போர்டுக்கு நல்லது. கசிந்த கரைசல் சூடாகும்போது எழும் புகை மூச்சுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டே செய்தேன்.

சுத்தம் செய்வதில் பலரும் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கார் பேட்டரி கசிந்தால் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுவார்கள். அது அமிலம் என்பதால் பொருந்தும். நிக்கல்-காட்மியம் பேட்டரியிலிருந்து வருவது காரம். காரத்தின் மேல் சோடாவைத் தேய்ப்பதால் பயனில்லை. அதற்கு வேண்டியது மென்மையான அமிலம். சமையலறையில் இருக்கும் வெள்ளை வினிகர் போதும். காதுகுடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்துப் பொருக்கின் மேல் வைத்தபோது, கார்பனேட் கரைந்து மெல்லிய நுரை எழும்பியது. நுரை வருவது நின்றால் காரம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் வினிகரை அப்படியே விட்டுவிட்டால் அதுவே அரிக்கத் தொடங்கும். எனவே காய்ச்சி வடித்த நீரால் நன்றாகக் கழுவி, அதன் பிறகு 99 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டி, காற்றில் உலரவிட்டேன். எங்கள் பகுதிக் குழாய்நீர் உப்பு நிறைந்தது. அதைப் போர்டில் ஊற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. கையுறையும் கண்ணாடியும் இதில் கட்டாயம். காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம்.

உலர்ந்த பிறகு, கறுத்துப்போன தடத்தின் மேல்பூச்சைக் கண்ணாடியிழைப் பேனாவால் செம்பு பளபளக்கும்வரை சுரண்டினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கொப்பளித்திருந்த இடத்தில் தடம் மயிரிழை அளவுக்கு அறுந்திருப்பது தெரிந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தடங்களையும் நம்பாமல், பேட்டரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தடத்தையும் இருமுனைகளிலும் தொட்டு மல்டிமீட்டரின் ஒலிச்சோதனையில் பார்த்தேன். அறுந்த தடத்துக்கு இணையாக மெல்லிய காப்பிட்ட கம்பி ஒன்றை முனையிலிருந்து முனைக்குப் பற்றவைத்தேன். சுரண்டிய செம்பின் மேல் சாலிடர் பூசி மூடினேன். செம்பை வெறுமனே விட்டால் மறுபடி கறுக்கும்.

அடுத்த கேள்வி, எதைப் பொருத்துவது என்பது. இங்கே சற்றுக் கணக்குப் போட வேண்டும். இதை ஊகத்தில் விட்டுவிடுபவர்கள்தான் பின்னர் சிக்கலில் மாட்டுகிறார்கள். பழைய பேட்டரியின் கொள்ளளவு 50 மில்லி ஆம்பியர் மணி. முழுதாக மின்னேறிய பேட்டரி 8 கிலோபைட் கணினியில் ஏறத்தாழ 30 நாளும் 32 கிலோபைட் கணினியில் ஏறத்தாழ 8 நாளும் நினைவகத்தைக் காக்கும் என்பது தயாரிப்பாளர் தந்த அளவு. 8 நாள் என்றால் 192 மணி நேரம். 50-ஐ 192-ஆல் வகுத்தால், 32 கிலோபைட் கணினி அணைந்திருக்கும்போது கால் மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல், அதாவது 0.26 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வருகிறது.

இந்த எண் கையில் இருந்தால் மற்ற யோசனைகளை எடைபோட முடியும். சிஆர் 2032 என்ற லித்தியம் நாணயப் பேட்டரியைப் பொருத்தலாமே என்று பலரும் கேட்பார்கள். அது மின்னேற்றக் கூடாத வகை. மாடல் 100-இன் சுற்றோ, உள் பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றும்படி அமைந்தது. லித்தியம் நாணயத்துக்குள் மின்சாரத்தைத் திணித்தால் அது வீங்கலாம், வெடிக்கவும் கூடும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை வைத்து அந்த ஓட்டத்தைத் தடுக்க முடியும்தான். ஆனால் அதன் கொள்ளளவான ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணியை 0.26-ஆல் வகுத்தால், கணினி அணைந்து கிடக்கும் நேரம் மொத்தமாக முப்பத்தைந்து நாள் சேர்ந்தவுடன் பேட்டரி தீர்ந்துவிடும். மேசைக்கணினியின் கடிகாரச் சில்லு சில மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுப்பதால் அதே நாணயம் அங்கே ஆண்டுக்கணக்கில் வருகிறது. இங்கே அந்த நியாயம் செல்லாது.

மிகைமின்தேக்கி என்ற சூப்பர் கெப்பாசிட்டர் இன்னொரு வழி. அது கசியாது, பல்லாண்டு உழைக்கும் என்பது உண்மை. ஆனால் 1 ஃபாரட் மின்தேக்கி 5 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் 0.26 மில்லி ஆம்பியரில் மூன்று மணி நேரம் மட்டுமே தாங்கும் என்று கணக்கு காட்டுகிறது. ஏஏ பேட்டரியை மாற்றும் இடைவெளிக்கு அது தாராளம். வாரக்கணக்கில் அலமாரியில் வைப்பவருக்குப் போதாது.

எனவே நான் தேர்ந்தது, நினைவகக் காப்புக்கென்றே தயாரிக்கப்படும் 3.6 வோல்ட், 80 மில்லி ஆம்பியர் மணி நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரி. அதே கணக்கில் இது 12 நாளுக்கு மேல் தாங்க வேண்டும். நிக்கல்-காட்மியத்தின் இடத்தில் சுற்றை மாற்றாமலேயே இது பொருந்துகிறது. இதில் கவனிக்க வேண்டியது, கடிகாரம், பொம்மை போன்றவற்றுக்கான சாதாரண வகையை வாங்காமல், சிறு மின்னோட்டம் தொடர்ந்து ஏறுவதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் தம் தகவல்தாளில் குறிப்பிட்டிருக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும் என்பது. முனைத்தகடுகள் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதாகவும் இருக்க வேண்டும். வில்லையின் உடலில் நேரடியாக அயர்னை வைத்துச் சாலிடர் செய்தால் உள்ளே அடைப்பு உருகிவிடும்.

புதிய பேட்டரியிலும் இருப்பது அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதாவது, ஒருநாள் இதுவும் கசியும். பழைய இடத்திலேயே அழகாகப் பற்றவைத்து மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுதான். பழைய துளைகளில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இரண்டைப் பற்றவைத்து, அவற்றின் மறுமுனையில் தவறாகச் செருக முடியாத சிறு இருமுனை இணைப்பானைப் போட்டேன். பேட்டரியை வெப்பச்சுருக்குக் குழாயில் மூடி, போர்டிலிருந்து விலகி, கீழ்மூடியின் காலியான ஓர் இடத்தில் நுரைப்பட்டையால் ஒட்டினேன். கசிந்தால் பிளாஸ்டிக்கின் மேல்தான் வழியும். மாற்றுவதற்கு அயர்னே தேவைப்படாது. பழைமையை அப்படியே பாதுகாக்க விரும்புவோருக்கு இந்த ஒயர்கள் பிடிக்காமல் போகலாம். தினமும் பயன்படுத்தப்படும் கணினியில் தோற்றத்தைவிடப் போர்டின் ஆயுளுக்கே நான் முன்னுரிமை தருவேன்.

போர்டு வெளியே இருக்கும்போதே மின்பகுபொருள் மின்தேக்கிகளையும் பார்த்துவிடுவது நல்லது. இந்தக் கணினியில் 5 வோல்ட்டோடு எதிர்மறை 5 வோல்ட்டையும் உருவாக்கும் மாற்றுச்சுற்று உண்டு. அதைச் சுற்றியுள்ள மின்தேக்கிகள் வயதானால் அவையும் கசியும், திரையில் எழுத்து மங்கும். அவற்றின் அடியில் எண்ணெய்ப்பிசுக்குபோல் ஏதாவது தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரே வேளையில் மாற்றிவிடலாம். நான் மாற்றினேன், முனைப் போக்கைப் பார்த்துப் பொருத்துவதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூடுமுன், பேட்டரியின் இரு தடங்களுக்கும் இடையே குறுக்குச்சுற்று இல்லை என்று பார்த்துக்கொண்டு, கேபிள்களை மாட்டி, அடாப்டரை இணைத்து, நினைவக விசையை இயக்கினேன். நினைவகம் வெறுமையாகிவிட்ட நிலையில் அதில் குப்பைதான் இருக்கும் என்பதால், கன்ட்ரோல், பிரேக் விசைகளை அழுத்திப் பிடித்தபடி பின்புறத்து ரீசெட் பொத்தானை அழுத்தி முழுத் தொடக்கம் செய்ய வேண்டும். பேசிக், டெக்ஸ்ட், டெல்காம், அட்ரஸ், ஷெடூல் என்ற ஐந்து பெயர்களும், மேலே மைக்ரோசாஃப்ட் என்ற உரிமைக்குறிப்பும், அடியில் 29638 என்ற எண்ணும் தோன்றினால் 32 கிலோபைட்டும் நலம் என்று பொருள். அந்த எண் குறைவாக இருந்தால் கணினியில் அவ்வளவு நினைவகமே பொருத்தப்படவில்லை, அல்லது ஒரு நினைவகத் தொகுதி தெரியவில்லை. இந்த நிரல்களில் பெரும்பகுதியைத் தம் கையால் எழுதியவர்களில் ஒருவர் பில் கேட்ஸ் என்பதை அந்தச் செய்தியாளர் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவூட்டுவார்.

தேதி 1900 ஜனவரி 1 என்று காட்டும். பேசிக்கில் நுழைந்து தேதி, நேரம், கிழமை மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கடிகாரச் சில்லு மாதம், நாள், கிழமையை வைத்துக்கொள்ளுமே தவிர ஆண்டை வைத்துக்கொள்ளாது. ஆண்டு நினைவகத்தில் தனியே இருக்கிறது, அதன் முன்னிருக்கும் 19 நிரலிலேயே பதிந்தது. எந்த ஆண்டைக் கொடுத்தாலும் திரை கடந்த நூற்றாண்டையே காட்டும். கிழமையை நாமே தருவதால் அதில் முரண்பாடு வராது.

மின்னேற்றம் நடக்கிறதா என்பதை நம்பிக்கையில் விடாமல் அளந்து பார்க்க வேண்டும். கீழ்மூடி திறந்திருக்கும்போதே, அடாப்டர் இணைந்த நிலையில் பேட்டரியின் முனைகளில் வோல்ட்டேஜைக் குறித்துக்கொண்டேன். சில மணி நேரம் கழித்து அது மெல்ல ஏறியிருந்தது. மின்னேற்ற ஓட்டம் மிகச் சிறியது என்பதால் முழுதாக நிறைய ஓரிரு நாளாவது ஆகும். புதிய பேட்டரியைப் போட்டவுடனே ஏஏ-யைக் கழற்றி, நினைவகம் அழிந்துவிட்டதே என்று குறைகூறுவது நியாயமன்று. நிறைந்த பிறகு அடாப்டரையும் ஏஏ-க்களையும் எடுத்துவிட்டு, சோதனைக்காக எழுதிய கோப்பு ஒன்றோடு கணினியை அலமாரியில் வைத்தேன். ஏறத்தாழ 3.9 வோல்ட்டில் தொடங்கியது முதல் நாளில் சற்று இறங்கி, அதன் பிறகு நெடுநேரம் அசையாமல் நின்றது. ஒரு வாரத்துக்கும் மேல் ஆன பின் இயக்கியபோது கோப்பும் நேரமும் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகே பழைய குறிப்புகளை டெல்காம் வழியாகவே திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.

அவரிடம் சொல்லியனுப்பியது இரண்டே விஷயம். அடாப்டரை ஆண்டு முழுவதும் செருகி வைக்க வேண்டாம். ஏஏ-க்களிலேயே பயன்படுத்தி, பத்து நாளைக்கு ஒருமுறை இரவில் மட்டும் செருகினால் போதும். மாதக்கணக்கில் எடுத்துவைக்கப் போகிறார் என்றால், கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, ஏஏ-க்களைக் கழற்றி, அடிப்பகுதி விசையையும் அணைத்துவிட வேண்டும். மாடல் 102, என்இசி நிறுவனத்தின் பிசி-8201ஏ, ஒலிவெட்டியின் எம்10 ஆகியவையும் மாடல் 100-ஐ உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமான கியோசெராவின் தயாரிப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றை வைத்திருப்பவர்களும், கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை திறந்து எதிர்முனைப் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. காட்மியம் நச்சு உலோகம். அதன் இரு முனைகளிலும் நாடா ஒட்டி, ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கள் ஊர் வன்பொருள் கடை வாசலில் மின்னேற்றப் பேட்டரிகளுக்காக வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தேன்.